பெயர் மட்டும் வெட்டிய அட்டை

கட்டிங் மெஷினுக்குள் அட்டையை ஒட்டி அனுப்புகிற அந்தப் பச்சை விரிப்பின் மேல்தாளை இன்று உரித்தேன். முதலில் பசை வாசனை வந்தது. அதற்குள் ஏலக்காய்.

ஏலக்காய் எப்படி வந்தது என்று யோசித்தேன். ரவா லட்டு பிடித்த கையோடு நீ அட்டையை அழுத்தி ஒட்டியிருப்பாய். கை கழுவு என்றால் "கழுவிட்டேன்பா" என்பாய். கழுவியிருக்க மாட்டாய். பசை ஒரு வாசனையை இத்தனை மாதம் பிடித்து வைத்திருக்குமா? உனக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தெரிந்துகொள்ள உடனே ஏதாவது செய்திருப்பாய். ஒரு மூலையில் கற்பூரம் தேய்ப்பாய், இன்னொரு மூலையில் காப்பித் தூள். பிறகு வாரா வாரம் முகர்ந்து பார்க்க என்னைக் கூப்பிடுவாய்.

மெஷினை இன்று இறக்கியதற்குக் காரணம் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிற என் அலுவலகம். டிசம்பருக்கு அங்கே ஒரு விளையாட்டு. சீட்டுக் குலுக்கி ஒரு பெயரை எடுக்க வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு பரிசு வாங்கி, அவர் பெயர் போட்ட அட்டையைக் கட்டி, யாரும் பார்க்காதபோது மேசையில் வைத்துவிட வேண்டும். கொடுத்தது யார் என்று தெரியக் கூடாது. அட்டைகளை நான் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

யாருக்கு என்பது மட்டும். யாரிடமிருந்து என்பது இல்லை.

நீ செய்தது இதற்கு நேர் எதிர்.

*

நீ எங்கள் தெருவுக்கு வந்தது ஆனி மாதத்தில். ஒரு ஆட்டோ. இரண்டு பைகள், ஒரு கணினி, சுருட்டிய பாய். எதிர்வீட்டின் பின்கட்டில் ஓர் அறையும் சமையலறையும் வாடகைக்கு எடுத்திருந்தாய். சந்துப் பக்கம் தனி வாசல், எங்கள் ஜன்னலுக்கு நேரே ஒரு ஜன்னல். பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது உன் வேலை. அன்னம், யாளி, மாங்காய் எல்லாவற்றையும் கணினியில் கட்டம் கட்டமாக வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுப்பாய். கல்யாணமாகி, அந்த வீட்டை விட்டு வந்துவிட்டவள். ஏன் என்று தெருவே கேட்டது. நான் கேட்கவில்லை. அதனால்தான் என்னோடு பேச ஆரம்பித்ததாக நீ பிறகு சொன்னாய். உண்மையில் எனக்குக் கேட்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் பண்டிகை என்றால் பாத்திரங்கள் நடக்கும். ஒரு வீட்டுப் பலகாரம் இன்னொரு வீட்டுக்குப் போகும். போன பாத்திரம் காலியாகத் திரும்பாது. அதில் அந்த வீட்டுப் பலகாரம் வரும். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு ஸ்பூன் சர்க்கரை. எது யாருடையது என்ற குழப்பம் கிடையாது. எவர்சில்வர் கடையிலேயே பெயர் வெட்டி வாங்கியிருப்பார்கள். விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக, இனிஷியலோடு.

இதில் கணக்கு வீடுகளுக்குத்தான். ஆட்களுக்கு இல்லை. தனியாக இருக்கிற ஒரு பெண்ணின் பின்கட்டு அறை வீடு ஆகாது. யாரும் உட்கார்ந்து பேசி அதை முடிவு செய்யவில்லை. யாருக்கும் உன் மேல் கோபமும் இல்லை. விநாயகர் சதுர்த்திக் கொழுக்கட்டை எதிர்வீட்டு முன்கட்டுக்கு வந்தது. பின்கட்டுக்கு வரவில்லை. ஆயுத பூஜைப் பொரியும் அப்படித்தான்.

நீ ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பல்லியைப் பார்ப்பது மாதிரி, அவ்வளவு கவனமாக.

"பாரேன். அந்தச் சந்து முனை வரைக்கும் வராங்க. அப்புறம் கால் தானா திரும்பிக்குது. வாஸ்து மாதிரி ஏதோ இருக்குதுபா."

நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாய்.

"தீபாவளிக்கு என் வூட்டுலேர்ந்து போவட்டும். திரும்பி வருதான்னு பாக்கலாம்."

"வரலன்னா?"

"வரலன்னா இது வூடு இல்லன்னு தெரிஞ்சிடும். வேற ஊரு பாத்துக்க வேண்டியதுதான்."

இதைச் சொல்லும்போது நீ சிரிக்கவில்லை.

*

உன்னிடம் இரண்டு வாணலி, ஒரு குக்கர், நான்கைந்து தட்டு. எதிலும் பெயர் இல்லை.

"வாங்கி, பேர் வெட்டிக்கோயேன்" என்றேன்.

"கல்யாணத்துக்கு வாங்கினதுல அவன் பேரு. அதுக்கு முன்னாடி வாங்கினதுல அப்பா பேரு. என் பேரு ஒரு கரண்டியில கூட கிடையாது தெரியுமா? இப்ப கடைக்குப் போயி வெட்டுன்னா, இனிஷியல் இன்னாம்மான்னு கேப்பாரு. நான் இன்னா சொல்றது?"

அந்த வாரம்தான் மெஷின் வந்தது. சென்னையில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருந்த ஒருவர் விற்றது. பார்க்கப் பிரிண்டர் மாதிரி இருந்தது. மையின் இடத்தில் ஒரு சின்னக் கத்தி. கணினியில் வரைந்த கோட்டின் மேல் அந்தக் கத்தி ஓடும். எலி காகிதம் கரண்டுகிற சத்தம். தறிச் சத்தத்துக்கு நடுவில் அது தெருவுக்கே புதிதாகக் கேட்டது.

தெருக் கோடியில் இருக்கிற அம்மா ஆதார் அட்டையோடு வந்து நின்றார். எங்கள் தெருவில் எதற்கும் முதல் வார்த்தை அவருடையது.

"இன்னாம்மா, ஜெராக்ஸ் மிஷினு வாங்கினியாமே?"

"ஜெராக்ஸ் இல்லமா. இது வெட்டும்."

"இத வெச்சா?"

"அதையும் வெட்டும்."

ஆதாரை முந்தானைக்குள் செருகிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். ஆனால் போகவில்லை. கத்தி ஒரு மாங்காயைச் சுற்றி வருவதை முழுவதும் பார்த்தார். "நல்லாத்தான் கொறிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த முதல் மாங்காய் நினைவிருக்கிறதா? விளிம்பெல்லாம் பல். நீ புடவைக்கு வரைகிற பழக்கத்தில் கட்டங்களால் வரைந்திருந்தாய். துணியில் கட்டங்கள் தெரியாது. நூல் நெருங்கி உட்கார்ந்துவிடும், கண் அதை வளைவு என்று நம்பிவிடும். கத்தி எதையும் நம்பவில்லை. ஒவ்வொரு படியையும் விடாமல் வெட்டியது. மாங்காய், மரம் அறுக்கிற ரம்பம் மாதிரி வந்தது. அடுத்து வந்த அன்னத்துக்கு மூக்கிலிருந்து வால் வரை பற்கள்.

"முதலை" என்றேன்.

"போடி. இதுவரைக்கும் நான் போட்ட எல்லா அன்னமும் இப்படித்தான் இருந்துக்குது. எனக்கே தெரியல."

அதைத் திருத்தாமல் வைத்துக்கொண்டாய். படிப் படியான மாங்காய்தான் அட்டையின் வடிவம் என்று முடிவானது.

பரிசுகளில் கட்டுகிற 'டேக்' அட்டைகள் எப்படி இருக்கும் என்று இணையத்தில் நிறையப் பார்த்தோம். எல்லாவற்றிலும் இரண்டு வரிகள். யாருக்கு. யாரிடமிருந்து. நீ முதல் வரியிலேயே நின்றுவிட்டாய்.

"யாருக்குன்னு எதுக்கு எழுதணும்?"

"வாங்கறவங்க பேரு."

"கையில தான குடுக்கப் போறோம். ஆளு எதுர்ல நின்னுக்கினு இருக்கும். உன் பேரு இதும்மான்னு அவங்களுக்கே எழுதிக் காட்டணுமா?"

இன்றும் அலுவலக அட்டைகளைப் பார்க்கும்போது அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. எதிரில் நிற்காத மனிதர்களுக்காக உண்டான பழக்கமோ? தபாலில் போகிற பரிசு. கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிற பரிசு. எங்கள் தெருவில் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்கிறார்கள். எழுத வேண்டிய ஒரே தகவல், பாத்திரம் யாருடையது என்பது.

மாங்காய்க்கு நடுவில் உன் பெயரை மட்டும் வெட்டினாய். இனிஷியல் இல்லை. எழுத்துச் சுழிகளின் நடுப்பகுதி முதலில் உதிர்ந்து விழுந்தது. ஒவ்வொரு சுழிக்கும் முடி அளவு இடத்தை வெட்டாமல் விட்டுப் பாலம் போட்டாய். ஊசி முனையால் துணுக்குகளை எடுத்தெடுத்துப் போட்டோம். தறியில் மிஞ்சிய ஜரிகை நூலைக் கோத்தாய். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது உன் பெயர் சுவரில் விழுந்தது. நீ அட்டையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாய்.

*

தீபாவளி அன்று காலை, நீ, நான், துணிப்பை நிறையக் காகிதப் பெட்டிகள். ரவா லட்டும் முறுக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை.

ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி.

"யார் வூட்டுதும்மா?"

"எங்க வூட்டுது."

"அம்மா வூட்டுலேர்ந்து வந்திருக்குதா?"

"இல்லமா. என் வூடு. பின்கட்டு."

"ஓ."

அந்த 'ஓ'க்களை நீ தரம் பிரித்துக்கொண்டே வந்தாய். இது அதிசய 'ஓ'. இது பாவம் 'ஓ'. இது அடுப்புல எண்ணெய் காயுது, சீக்கிரம் போ 'ஓ'. கோடி வீட்டு அம்மா மட்டும் 'ஓ' சொல்லவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஒம் பேரா?" என்றார். "ஆமாமா." பெட்டியை உள்ளே கொண்டு போனார்.

அன்று முழுவதும் உன் வாசலுக்கு யாரும் வரவில்லை. வர முடியாதே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. காகிதப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. திருப்ப ஒன்றும் இல்லாவிட்டால் பதிலுக்கு வருவதற்கு என்ன காரணம்? உன்னிடம் சொல்ல வாய் வரை வந்தது. நீ ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். புதுப் புடவை. வாசலில் கோலம். சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கோடி வீட்டு அம்மா வந்தார். கையில் மூடி போட்ட சம்படம். திறந்தால் அதிரசம். அதிரசத்தின் மேல் உன் அட்டை.

"இந்தாம்மா. பசங்க பிச்சிடப் போவுதுன்னு நேத்தே எடுத்து மேல வெச்சிட்டேன்."

"இது உங்களுக்குத்தான்மா. வெச்சிக்குங்க."

"ஒம் பேரு வெட்டினத நான் எதுக்கு வெச்சிக்கறேன்? நல்லாருக்குது. பத்திரமா வெச்சிக்கோ. பொங்கலுக்கு ஆவும்."

"அதிரசம் எதுக்குமா?"

அவர் உன்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"வெறுங்கையா எப்பிடித் திருப்பறது?"

பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. அட்டை ஒரு கிண்ணத்தில், அட்டை ஒரு தட்டில், அட்டை வாழையிலைத் துண்டில். சோமாசி, அதிரசம், ஒரு வீட்டிலிருந்து சர்க்கரை மட்டும். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி தோன்றியிருக்கிறது. பெயர் வெட்டியிருந்தால் அது இரவல். திருப்பித் தர வேண்டும்.

நீ அட்டைகளைத் தரையில் பரப்பி எண்ணெய்க் கறைகளை ஆராய்ந்தாய். "இதுல மூணு விரல் கறை. சோமாசி வூடு." சொல்லிக்கொண்டே வந்தவள், திடீரென்று முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய்.

"திருப்ப வேணாம்னு தெரியாம திருப்பறாங்களா, தெரிஞ்சே திருப்பறாங்களா?"

"கேட்டுப் பாக்கட்டுமா?"

"கேக்காத. கேட்டா போயிடும்."

பிறகு ஒரு சோமாசியைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தாய்.

*

கிறிஸ்துமஸுக்குப் பக்கத்துத் தெரு டீச்சர் வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்தாய். திரும்பி வந்ததும் முகத்தில் ஒரு குழப்பம்.

"கேக்கு குடுத்தாங்க. டேக்கு குடுக்கல."

"அப்புறம்?"

"அவங்க மரத்துல மாட்டிக்கினாங்க. பொம்மைங்களோட. அந்த வூட்டுல என் பேரு தொங்கிக்கினு இருக்குதுபா."

அது உனக்குப் பிடித்ததா இல்லையா என்று உனக்கே தெரியவில்லை. அடுத்த நாள் முழுவதும் அதைப் பற்றியே பேசினாய். அங்கே அது பரிசு. இங்கே அது பாத்திரம். ஒரே அட்டை.

பொங்கலுக்கு, நீ பானையை இறக்குவதற்கு முன்பே உன் வாசலுக்கு ஒரு தூக்கு வந்துவிட்டது. சூடான சர்க்கரைப் பொங்கல். விளிம்பில் யாரோ ஒரு சண்முகத்தின் பெயர். என்னை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாய்.

"நான் இன்னும் அனுப்பவே இல்ல. அவங்களே கொண்டாந்துட்டாங்க. இதுல இன்னா போட்டுக் குடுக்கறது? சீக்கிரம் சொல்லு, அந்தம்மா நின்னுக்கினு இருக்குது."

"சர்க்கரை போடு."

நீ டப்பாவையும் ஸ்பூனையும் தேடி அறை முழுவதும் ஓடினாய். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. பிறகு வேறு ஊர் பற்றி நீ ஒரு முறையும் பேசவில்லை.

*

ஆடியில் ஒரு காய்ச்சல். முதலில் மாத்திரை. பிறகு ஆஸ்பத்திரி. பிறகு உன் அண்ணன் போனில் சொன்ன ஒரு வரி.

உன்னை ஆஸ்பத்திரியிலிருந்தே ஆரணிக்கு, அம்மா வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள். காரியம் எல்லாம் அங்கே. எங்கள் தெருவில் சங்கு ஊதவில்லை. பந்தல் இல்லை. உன் அண்ணன் ஒரு நாள் வேன் கொண்டுவந்து அறையைக் காலி செய்தார். மெஷினை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "நீங்க வெச்சிக்குங்கமா" என்றார். பின்கட்டுக்குப் பூட்டு விழுந்தது. ஒரு தெருவிலிருந்து ஓர் ஆள் இவ்வளவு சத்தமில்லாமல் போக முடியுமா என்று நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளி வந்தது.

சாவு விழுந்த வீட்டில் அந்த ஆண்டு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். தெருவிலிருந்து அந்த வீட்டுக்குப் பலகாரம் போகும். பதிலுக்கு எதுவும் வராது. பாத்திரத்தைக் கழுவி, காலியாகத் திருப்புவார்கள். இந்த ஒரு சமயத்தில் மட்டும் அது தப்பில்லை, அதுதான் முறை.

எங்கள் வீட்டில் அன்று காலை வழக்கம்போல எல்லாம் நடந்துகொண்டிருந்தது. கோடி வீட்டு அம்மா கையில் சம்படத்தோடு வந்தார். வழக்கமாக என் அம்மாவிடம் கொடுப்பவர், அன்று என்னைக் கூப்பிட்டார்.

"அது வூட்டுக்குன்னு எடுத்தாந்தேன். பூட்டிக்கினு இருக்குது. நீ வாங்கிக்கோம்மா."

யார் வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனார்.

பிறகு ஒரு கிண்ணம். ஒரு தூக்கு. ஒரு தட்டு, மேலே வாழையிலை. எல்லாரிடமும் ஒரே வார்த்தைகள்தான் இருந்தன. அது வூட்டுக்கு. எங்கள் வீட்டுக்கு வர வேண்டியது தனியாக, வேறு பாத்திரத்தில், அம்மா கையில் போனது. இரண்டையும் யாரும் கலக்கவில்லை. நான் அவற்றைக் கூடத்தில் ஓரமாக வைத்துக்கொண்டே வந்தேன். நீ கேட்காதே என்று சொன்ன கேள்விக்குப் பதில் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் அவற்றைக் கழுவித் துடைத்தேன். அம்மா சர்க்கரை டப்பாவோடு வந்தார். முதல் கிண்ணத்துக்கு மேல் ஸ்பூனைக் கொண்டுபோனார்.

"வேணாம்மா."

"இன்னாடி வேணாம்? பண்டிக நாள்ல காலியா குடுப்பியா?"

"ஆமா."

"நம்ம வூட்டுக்கு ஆவாதுடி. நம்ம வூட்டுல யாருக்கு இன்னா ஆயிடுச்சி? நீ இன்னா அவளுக்குக் கூடப் பொறந்தவளா?"

"இதுங்க நம்ம வூட்டுக்கு வரலமா."

அம்மா ஸ்பூனைப் பிடித்தபடி நின்றார். கிண்ணத்தைப் பார்த்தார். தூக்கைப் பார்த்தார். பிறகு சர்க்கரையைத் திரும்ப டப்பாவில் கொட்டி, மூடியை அழுத்தி மூடினார். "மூடி மாத்திடாம குடு. அந்தத் தூக்கு மூடி கொஞ்சம் டைட்டா இருக்குது" என்றார்.

ஒவ்வொரு வீடாகப் போனேன். வெடிச் சத்தம். புதுத்துணி வாசனை. கதவைத் திறந்தவர்கள் பாத்திரத்தை வாங்கினார்கள், எடையிலேயே தெரிந்துகொண்டார்கள். கோடி வீட்டு அம்மா மட்டும் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார்.

"சரிம்மா" என்றார். பிறகு, "நீ ஏதாவது சாப்ட்டியா?" என்றார்.

நான் உனக்கு என்ன உறவு என்று எனக்கு ஒருபோதும் தெளிவாகத் தெரிந்ததில்லை. ஒரே வகுப்பில் படிக்கவில்லை. ஒரே குடும்பம் இல்லை. ஜன்னலுக்கு ஜன்னல் பேசிக்கொண்ட ஓராண்டு, அவ்வளவுதான். அன்று ஒரு தெரு முழுவதும் வெறும் பாத்திரத்தோடு நடந்தேன், நான் உனக்கு யார் என்று எந்த வாசலிலும் யாரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததையே பதிலாக இன்னும் வைத்திருக்கிறேன்.